உறி, பத்தாயம், குளிர்ப்பெட்டி

நாகப்பட்டினத்தில் தொடங்கிய இருப்புப்பாதை 1861இல் தஞ்சாவூரையும் அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. அவ்விரு நகரங்களுக்கும் இடையே அப்பாதையில் அமைந்த ஊர் பூதலூர். பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருக்கும் நேரங்களில் நாம் வழக்கமாகச் சென்று நிற்கும் சிறு மளிகைக் கடை ஒன்று அங்கே உண்டு. அதன் வாயிலை அடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டி நிற்கிறது. வணிகர்கள் அதை விசி கூலர் என்பார்கள். பெட்டி கடைக்காரருடையது அன்று. குளிர்பான நிறுவனம் ஒன்று வைத்துவிட்டுப் போனது. உள்ளே ஐந்து கம்பித் தட்டுகள். அவற்றுள் இரண்டின்மேல் பிஸ்கட் பெட்டியைப் பிரித்த அட்டையை விரித்து, அதன்மேல் பால் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்.

அட்டை ஏன் என்று கேட்டோம். "கம்பிக்கு நடுவுல பாக்கெட் தொங்கிடுதுங்க சார். இழுத்தா கிழிஞ்சிடுது" என்றார். பாட்டிலுக்கென்று வளைத்த கம்பி அது; அரை லிட்டர்ப் பால் பாக்கெட்டுக்கு அதன் இடைவெளி ஒத்துவராது. அட்டை போட்டதும் பாக்கெட் தொங்கவில்லை. ஆனால் கீழ்த்தட்டில் இருந்த பால் மாலைக்குள் திரியத் தொடங்கியது. பெட்டி பழுதென்று அவர் இருமுறை ஆளை வரவழைத்தார். வந்தவர்கள் விசிறியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அட்டையை யாரும் பார்க்கவில்லை.

குளிரைக் காப்பதன் வரலாற்றை எழுதுவோர் எந்திரத்தைப் பற்றி எழுதுவார்கள்; தட்டைப் பற்றி எழுதுவதில்லை. நமக்கோ, அந்த வரலாற்றின் பாதி தட்டில்தான் இருக்கிறதென்று தோன்றுகிறது. பொருளை எப்படி அடுக்குவது, அடுக்கிய பொருள்களுக்கிடையே காற்றுக்கு வழி விடுவதா அடைப்பதா என்ற கேள்விக்கு வெவ்வேறு காலத்தவர் சொன்ன விடைகளே அவை.

முதல் விடை, அடைப்பது. பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரடெரிக் டியூடர் வட அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப்பின் ஏறத்தாழ 100 டன் கரை சேர்ந்தது. இதைச் சாத்தியமாக்கியவற்றுள் முக்கியமானது நதானியேல் வயத் என்பவர் 1825இல் அமைத்த குதிரைக் கலப்பை. அது பனியைச் சதுரச் சதுரமாக, ஒரே அளவில் கீறித் தந்தது. ஒரே அளவாக இருந்தமையால் கட்டிகளை இடைவெளியின்றி நெருக்கி அடுக்க முடிந்தது. இடைவெளியில்லாவிட்டால் காற்றுப் புகாது. காற்றுப் புகாவிட்டால் உருகல் குறையும். இன்று கடைத்தட்டுகளைப் பற்றிப் பேசுவோர் 'மாடுலர்' என்று சொல்லும் கருத்து, ஓரளவில் செய்த உறுப்புகளை வேண்டியபடி சேர்த்துக்கொள்வது, பனி வணிகத்தில் அன்றே வேலை செய்துகொண்டிருந்தது.

சென்னைக் கடற்கரையில் டியூடர் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அதே நோக்கில் எழுந்த கட்டடம். செயற்கைப் பனிக்கட்டி வந்தபின் அவ்வணிகம் வீழ்ந்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கிச் சாளரங்கள் வைத்துக் குடியிருப்பாக மாற்றினார். அவ்வளவு செய்தும் அது நல்ல காற்றோட்டமுள்ள வீடாக அமையவில்லை என்பார்கள். காற்றை மறுப்பதற்கென்றே எழுந்த சுவர்கள் அல்லவா! 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியது அவ்வீட்டில்தான். 1963 முதல் அது விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

இரண்டாவது விடை, வழி விடுவது. பனிக்கட்டியைக் காப்பதும் பனிக்கட்டியைக் கொண்டு வேறொன்றைக் காப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இறைச்சியைத் தொடர்வண்டியில் அனுப்பியவர்கள் முதலில் அதைப் பனியோடு ஒட்டவைத்தார்கள். பனி தொட்ட இடம் நிறம் மாறிக் கெட்டது. கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் என்ற இறைச்சி வணிகருக்காக ஆண்ட்ரூ சேஸ் என்ற பொறியாளர் 1870களின் இறுதியில் வடிவமைத்த வண்டியில் பனி கூரையருகே வைக்கப்பட்டது. குளிர்ந்த காற்று கனம் மிகுந்ததாகையால் தானே கீழிறங்கும். வெதுவெதுப்பான காற்று மேலேறும். இறைச்சியைக் குளிர்வித்தது அந்தச் சுழற்சிதான். இதன்பின் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் தட்டு வெறும் பலகையாக இருக்க முடியாமற் போயிற்று. அது பொருளைத் தாங்கவும் வேண்டும், காற்றைத் தடுக்காமலும் இருக்க வேண்டும். கம்பித் தட்டும் துளைத் தகடும் அதற்காக வந்தவை.

இவ்விடத்தில் டெல்டாக்காரர்களாகிய நமக்கு உறி நினைவுக்கு வருவது இயல்பு. கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் உறியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாலும் தயிரும் வெண்ணெயும் இருந்தன. எறும்புக்கும் பூனைக்கும் எட்டாது என்பது ஒரு பயன். கலத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்றாடும் என்பது மற்றொன்று. இதைச் சொல்வதால் எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று மார்தட்டும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டோம் என்று வாசகர்கள் கருதவேண்டாம். உறி குளிர்ப்பெட்டி ஆகாது. ஆனால் அதில் கலம் வைத்த கிழவிக்கு, பால் இருக்குமிடத்தில் காற்று இருக்கவேண்டும் என்பது தெரிந்திருந்தது.

பத்தாயத்தையும் சொல்லவேண்டும். மரத்தாலான நெற்களஞ்சியம் அது. பெரிய வீடுகளில் அதைத் தனித்தனி அடுக்குகளாகச் செய்து, விளைச்சலுக்கேற்ப ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொள்வார்கள். நெல்லை மேலே கொட்டுவார்கள்; அடியிலுள்ள சிறு திறப்பின் வழியே எடுப்பார்கள். எனவே முன்பு கொட்டியதே முன்பு வெளிவரும். எவரும் தேதி பார்க்க வேண்டியதில்லை. முன் கதவு மட்டுமே உள்ள குளிர்ப்பெட்டியில் இது தலைகீழாகிறது. புதிய சரக்கை முன்னே வைப்பது கைக்கு எளிது. பழையது பின்னே தள்ளப்பட்டு அங்கேயே கிடக்கும். சரிந்த தட்டுகளைப் பொருத்தி, பின்புறமிருந்து நிரப்பி, முன்புறமிருந்து எடுக்கும் பெரிய கடைகளின் ஏற்பாடு ஏறக்குறையப் பத்தாயத்தைப் படுக்கவைத்தது போன்றது. பூதலூர்க் கடையில் பின்புறம் சுவர்.

இனி, தட்டைக் கழற்றி மாட்டும் வசதிக்கு வருவோம். கிரேக்கப் பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டெமெட்ரியஸ் கோமினோ என்பவர் 1947இல் டெக்ஸியன் என்ற பெயரில், சீரான இடைவெளியில் துளையிட்ட இரும்புக் கோணச் சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர் ஆங்கிள் ரேக் அந்த வகையைச் சேர்ந்ததே. சட்டத்தை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, வேண்டிய துளையில் போல்ட்டை முடுக்கினால் தட்டின் உயரம் மாறிவிடும். தச்சரைத் தேட வேண்டாம். குளிர்ப்பெட்டியின் உட்புறத்திலும் அதே போன்ற துளைவரிசை செங்குத்தாக ஓடுகிறது. நான்கு கிளிப்புகளைத் துளையில் மாட்டினால் ஒரு தட்டு. இரண்டு லிட்டர் பாட்டில் வந்தால் ஒரு தட்டை எடுத்துவிட்டு மற்றதை இறக்கலாம். ஒரு கிளிப் தொலைந்தால் தட்டே பயனற்றது. அதற்காகத் திருச்சிக்கு அலைந்த கதையைக் கடைக்காரர் ஒருமுறை சொன்னார்.

ஆயின் உயரம் மாறுகிறதே தவிர, கம்பியின் இடைவெளி மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பவர் வேறொருவர். அவர் யார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தபோது, வாங்குபவரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை பரவத் தொடங்கியது. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ முறையில் உறையவைத்த உணவு 1930 மார்ச் 6 அன்று மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 18 கடைகளில் விற்பனைக்கு வந்தது. கடைக்காரர்களிடம் அதற்கேற்ற பெட்டி இல்லை, வாங்கவும் வசதியில்லை. ஆகவே 1934இல் அமெரிக்கன் ரேடியேட்டர் நிறுவனத்தைக் கொண்டு மலிவான காட்சிப் பெட்டிகள் செய்வித்து, வாடகைக்கு விட்டார்கள். சரக்குக்குரியவரே பெட்டிக்கும் உரியவர் என்ற ஏற்பாடு இப்படி வேரூன்றியது. 1990களில் அந்நியக் குளிர்பான நிறுவனங்கள் இந்தியாவுக்குள் வந்தபோது அதே வழியில் பெட்டிகள் சிற்றூர்க் கடைகளுக்கும் வந்தன. பெட்டி இலவசம்போல் தோன்றும். தங்கள் பாட்டில் மட்டுமே அதில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மின்கட்டணம் கடைக்காரர் தலையில்.

அளவுகோல்களும் அவ்வாறே தொலைவிலிருந்து வருபவை. குளிர்க் காட்சிப் பெட்டிகளுக்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ 23953 முதலில் 2005இல் வெளியாயிற்று. மாட்டிறைச்சியின் வெப்பத் தன்மையை ஒத்த சோதனைப் பொதிகளைத் தட்டுகளில் அடுக்கி, அவற்றின் வெப்பநிலையை அளப்பார்கள். எம்1 என்ற வகுப்பில் எந்தப் பொதியும் 5 பாகையைத் தாண்டவும் கூடாது, -1 பாகைக்குக் கீழே போகவும் கூடாது. சோதனை அறையின் சூழலுக்கும் வகுப்புகள் உண்டு. மூன்றாம் வகுப்பு 25 பாகை செல்சியஸ், 60 விழுக்காடு ஈரப்பதம். சித்திரை மாதத்தில் பூதலூர்க் கடைவாசலில் 25 பாகை என்பது விடியற்காலையில்கூடக் கிட்டாது. 40 பாகைக்கான ஐந்தாம் வகுப்பும் அத்தரத்தில் இருக்கிறது. பெட்டியை எந்த வகுப்பில் சோதித்தார்கள் என்று கேட்டு வாங்கும் நிலையில் நம் கடைக்காரர் இல்லை. அவர் வாங்கவே இல்லையே.

பால் மட்டும் நிபந்தனைக்கு வெளியே நுழைந்த பொருள். பால் வாங்க வருபவரே ரொட்டியும் சோப்பும் வாங்குவார்; பால் இல்லையென்றால் அவர் அடுத்த கடைக்குப் போவார். பத்துப் பாக்கெட் திரிந்தால் அன்றைய பால் வரும்படி முழுதும் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஆகவேதான் அட்டை.

அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று நாம் சொன்னபோது அவர் நம்பவில்லை. வாத்தியார் பேச்சு என்று நினைத்திருக்கலாம். அடுத்த முறை சென்றபோது அட்டை இல்லை. பால் வரும் பிளாஸ்டிக் டப் ஒன்று உடைந்து மூலையில் கிடந்ததாம். அதன் சல்லடை போன்ற அடிப்பாகத்தை இரும்பறுக்கும் இரம்பத்தால் அறுத்தெடுத்து, ஓரத்தைத் தேய்த்துத் தட்டின்மேல் போட்டிருந்தார். பாக்கெட் தொங்கவில்லை, கீழே கைவைத்துப் பார்த்தோம், குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. பின்வரிசைப் பாக்கெட்டுகளை முன்னே இழுத்துவிட்டு, அன்று வந்தவற்றைப் பின்னால் செருகிக்கொண்டே, "அடுத்த மாசம் கம்பெனி ஆள் வருவாங்க. பார்த்தா எடுக்கச் சொல்லுவாங்க" என்றார். இரண்டாவது தட்டுக்கும் ஒன்று அறுக்க வேண்டும், இன்னொரு உடைந்த டப் கிடைக்குமா என்று பால் வண்டிக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார்.