அலையா, சுவடா?

சமயநல்லூரில் என் வீட்டுத் திண்ணையில் பெண்பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் ஒருத்தி கேட்டாள்: “சூரியன்ல அலை அடிக்குமா டீச்சர்?” அடிக்கும். அதற்குப் பதில் தேடிப் போன இடத்தில் ஒரு பெண்ணின் வரலாறும் எனக்குக் கிடைத்தது.

சூரியனைச் சூழ்ந்திருக்கும் கொரோனா, பத்து லட்சம் டிகிரி வெப்பத்தில் காந்தப்புலத்தோடு பின்னிக் கிடக்கும் மெல்லிய பிளாஸ்மா. 1960இல் அமெரிக்காவின் கெயில் மோர்ட்டன், சூரிய வெடிப்பிலிருந்து கிளம்பி, கொரோனாவுக்குக் கீழுள்ள அடுக்கில் நொடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய ஒரு வளைவை அறிவித்தார். மேலே கொரோனாவில் பரவும் அலை கீழே பதிக்கும் தடமே அது என்று 1968இல் ஜப்பானின் உச்சிடா விளக்கினார். வாயுவின் அழுத்தமும் காந்தப்புலமும் சேர்ந்து சுருள்வில்போல அமுங்கி விரிவதால் பரவும் அலை அது.

கொரோனாவிலேயே அப்படியொரு வட்டம் விரிவதை 1997 மே 12 அன்று சோஹோ விண்கலம் படம்பிடித்தது. பார்பரா தாம்சனின் குழு 1998இல் அதை விவரித்தது. அடுத்த ஆண்டே செசில் டெலானேயும் கியோம் ஒலானியேவும் கேட்டார்கள்: இது அலைதானா?

கண்மாயில் கல்லெறிந்தால் அலை பரவும்; மிதக்கும் இலை இருந்த இடத்திலேயே ஆடும். வைகையில் புதுத் தண்ணீர் வரும்போது அப்படியில்லை. நுரையும் செத்தையும் முன்னால் வரும். அந்த விளிம்பு, பின்னால் வரும் தண்ணீர் தள்ளுவதால் நகர்வது. கொரோனாவில் தெரிந்த வட்டமும், சூரியன் பொருளை வீசியெறியும்போது காந்தக்கோடுகள் விரிந்து விட்டுச்சென்ற சுவடாக இருக்கலாமே?

சுவடு திரும்பி வராது. அலை கரையில் மோதித் திரும்பும். 2007 மே 19 அன்று எழுந்த அலை ஒரு கொரோனா துளையில் மோதித் திரும்பியதை நாட் கோபால்சாமியின் குழு 2009இல் காட்டியது. பல நிகழ்வுகளில் இரண்டுமே உண்டு என்று இன்று பலர் ஏற்கிறார்கள்: முன்னால் ஓடும் உண்மை அலை, பின்னால் வெடிப்பு தள்ளும் விளிம்பு.

எங்கள் ஊரைத் தாண்டும் ரயில் பாதையில் வடக்கே போனால் கொடைரோடு. அங்கிருந்து மலையேறினால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்புண்டா என்ற கேள்வியும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. 1907இல் அங்கே வேலைக்கு வந்த ஜான் எவர்ஷெட்டோடு மேரியும் வந்தார். அவருக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. 1909இல் சூரியப்புள்ளியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் கண்டறிந்தார். அதன் பெயர் எவர்ஷெட் விளைவு.

மேரி பார்த்தது சூரிய விளிம்பில் எழும் தழல்களை. கொரோனா அலை வந்து மோதினால் ஆடுபவை அவைதான். அன்று அலையைப் பற்றி யாருக்கும் தெரியாது. சூரியப்புள்ளிகளோடு எழும் தழல்களின் வகைகள் குறித்து 1913இல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். 1917இல் கணவரோடு சேர்ந்து தழல்களைப் பற்றிய பெரிய ஆய்வறிக்கை வெளியிட்டார். தாந்தேயின் காலத்து வானியல் பற்றிய தன் நூலைப் பிறந்தவீட்டுப் பெயரான ஓர் என்பதிலேயே கொண்டுவந்தார்.

ஆனாலும் மேரியைக் கணவர் விட்டுச்சென்ற சுவடாகப் படிப்பது எளிதாகவே இருக்கிறது. வீட்டில் ஒரே வேலையை இருவர் செய்யும்போது ஒருவரின் உழைப்பு “கூடமாட ஒத்தாசை” ஆகிவிடுவதை நாம் அறிவோம். கொரோனாவில் செய்ததைப்போல இங்கும் சான்றைத் தேடிப் பார்க்கவேண்டும். 1913ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படியொரு சான்று.

2023 செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராய ஆதித்யா-எல்1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. மேரிக்குக் கிடைக்காத பதவி, சம்பளம் இரண்டும் அவருக்கு இருந்தன. இதையெல்லாம் சொன்னபோது கேள்வி கேட்டவள் நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதிக்கொண்டாள். மேரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எவர்ஷெட்டின் மனைவி’ என்று எழுதப் போனவள், நிறுத்தி, ‘வானியலாளர்’ என்று எழுதினாள்.