பாரிஸில் பிறந்த ‘தொடரும்’

ஆரணியில் எங்கள் ஆயாவிடம் ஒரு பைண்டு புத்தகம் இருந்தது.

ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தால், மன்னிக்கவும், அது வேறு ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. பெரியபாளையத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ஆற்றுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். இரண்டு ஆரணிகளையும் குழப்பிக்கொண்டு வரும் கல்யாணப் பத்திரிகைகளும் மணியார்டர்களும் அந்தக் காலத்தில் சகஜம். இந்தக் கட்டுரையில் அந்த இன்னொரு ஆரணியும் வரப்போகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

பைண்டு புத்தகத்துக்கு வருவோம். வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்து, சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மேலே காலிகோ ஒட்டிய புத்தகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டுப் பரணில் தேடிப் பார்த்தால் இன்னமும் ஒன்றிரண்டு கிடைக்கும். ஆயாவுக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. ‘இன்னா நைனா, ரெண்டு பக்கம் படியேன்’ என்று சாயங்காலம் என்னைத்தான் உட்கார வைப்பாள். முதல் பக்கம் கிழிந்திருந்தது. அதனால் கதையின் பெயர் தெரியாது. எழுதியவர் யார் என்றும் தெரியாது. கடைசி அத்தியாயங்களும் இல்லை. நடுவில் மட்டும் கதை இருந்தது. கதைக்குப் பக்கத்திலேயே பல்பொடி விளம்பரம், கூந்தல் தைல விளம்பரம். கதாநாயகியைப் பாழடைந்த பங்களாவில் பூட்டியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள். கீழே, ‘தொடரும்’.

இந்த ‘தொடரும்’ என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று தேடிக்கொண்டு போனால், ரயில் நேராக பாரிஸில் போய் நிற்கிறது.

1836. பாரிஸில் செய்தித்தாள் என்பது பணக்காரர் சமாச்சாரம். ஆண்டுச் சந்தா 80 பிராங்க். ஒரு தொழிலாளி கட்டவே முடியாத தொகை. எமில் தெ ஜிரார்தன் என்ற முப்பது வயது ஆசாமி ஒரு கணக்குப் போட்டார். நான் படித்தது பி.காம்., அதனால் இந்தக் கணக்கைப் பார்த்து எனக்குத் தனி சந்தோஷம். சந்தாவைப் பாதியாகக் குறை, 40 பிராங்க். நஷ்டம் வரும், வரட்டும். வாசகர் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் விளம்பரக்காரன் வருவான். நஷ்டத்தை அவன் கட்டுவான். இன்றைக்கு டி.வி. சானல்கள் வரை எல்லோரும் செய்வது இதைத்தான். ஜூலை 1-ம் தேதி ‘லா ப்ரெஸ்’ வெளிவந்தது. அதே நாளில், அதே கணக்கோடு ‘லெ சியெக்கிள்’ என்று இன்னொரு பத்திரிகையும்.

மற்ற பத்திரிகைக்காரர்கள் கொதித்துப் போனார்கள். சண்டை எழுத்தோடு நிற்கவில்லை. ‘லெ நாசியோனால்’ ஆசிரியர் அர்மான் கரேல், ஜிரார்தனோடு துப்பாக்கி எடுத்து நேருக்கு நேர் நின்றார். ஜிரார்தனுக்குத் தொடையில் குண்டு. கரேலுக்கு வயிற்றில். இரண்டு நாளில் கரேல் இறந்து போனார். பத்திரிகை விலையைக் குறைத்ததில் ஆரம்பித்த தகராறில் ஒரு ஆசிரியரின் உயிர் போயிற்று!

சரி, மலிவு விலை வாசகனை உள்ளே கூட்டி வரும். அவன் அடுத்த மாதமும் சந்தா கட்ட என்ன வழி? கதை. பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே விமர்சனமும் துணுக்கும் போடும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. ‘ஃபெய்தோன்’ என்று பெயர். அந்த இடத்தில் நாவலைத் துண்டு துண்டாகப் போட ஆரம்பித்தார்கள். 1836 அக்டோபரில் பல்ஸாக்கின் நாவல் ஒன்று ‘லா ப்ரெஸ்’ஸில் தினம் ஒரு துண்டாக வந்தது. வாசகர்கள் அடிப்பக்கத்தை மட்டும் கத்தரித்துச் சேர்த்துத் தைத்து வைத்துக்கொண்டார்கள்.

ஆம், பைண்டு புத்தகம்.

இந்த வியாபாரத்தின் சூப்பர் ஸ்டார் பல்ஸாக் அல்ல. யூஜீன் சூ என்பவர். கடற்படையில் மருத்துவராக இருந்தவர். அப்பன் சொத்தைக் குதிரையிலும் கோட்டிலும் கரைத்த மைனர். 1842 ஜூனிலிருந்து 1843 அக்டோபர் வரை ‘ஜூர்னால் தெ தெபா’ நாளிதழில் ‘பாரிஸ் மர்மங்கள்’ எழுதினார். கதை என்ன? ஒரு சிற்றரசர் கூலிக்காரன் வேஷத்தில் பாரிஸின் இருட்டுச் சந்துகளில் திரிகிறார். ஏழைகளைக் காப்பாற்றுகிறார், கெட்டவனைத் தண்டிக்கிறார். சேரியில் சீரழிந்த ஒரு பெண்ணை மீட்கிறார். கடைசியில் பார்த்தால் அவள் அவருடைய சொந்த மகள்! மாறுவேட மன்னர் நகர்வலம், தொலைந்துபோன வாரிசு. நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

பாரிஸுக்குப் புதுசு. சந்தா கட்ட முடியாதவர்கள் வாடகை வாசகசாலைகளில் காத்துக் கிடந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது ஒருவர் உரக்கப் படித்தார். கதை முடிகிறவரை நோயாளிகள்கூட சாவைத் தள்ளிப் போடுகிறார்கள் என்று கோத்தியே என்ற எழுத்தாளர் கிண்டலடித்தார். சூவுக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள். அதில் பல தொழிலாளிகள் எழுதியவை. என் கதை இது, கூலி விஷயத்தையும் எழுதுங்கள், ஜெயில் கொடுமையையும் எழுதுங்கள் என்று கேட்டார்கள். அந்தக் கடிதங்கள் பாரிஸ் நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. மைனர் மெல்ல மெல்ல மாறினார். வாசகர்களைப் படித்துப் படித்தே சோஷலிஸ்ட் ஆனார் என்று சொல்லலாம். கார்ல் மார்க்ஸுக்கு அது போதவில்லை. அவரும் ஏங்கெல்ஸும் 1845-ல் வெளியிட்ட ‘புனிதக் குடும்பம்’ நூலில் இந்தத் தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

அடுத்து 1844-ல் வேறொரு பத்திரிகை, ஒரே தொடருக்கு ஒரு லட்சம் பிராங்க் கொடுத்து சூவை வளைத்துப் போட்டது. சில ஆயிரம் சந்தாதாரர்களோடு தள்ளாடிக்கொண்டிருந்த பத்திரிகை இருபதாயிரத்தைத் தாண்டியது. அதே வருடம் அலெக்ஸாண்டர் டூமா ‘மூன்று துப்பாக்கி வீரர்க’ளைத் தொடங்கினார், முடித்த கையோடு ‘மாண்டி கிறிஸ்டோ’. வரிக்கு இவ்வளவு என்று கூலி. ‘ம்’, ‘சரி’, ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் பேசும் ஒரு வேலைக்காரனை டூமா படைத்ததே வரி எண்ணிக்கையை ஏற்றத்தான் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, வாரத் தொடர் எழுதுகிறவர்களுக்கு இது கேட்க இனிமையாக இருக்கும்.

டூமாவுக்கு ஒரு பங்காளி இருந்தார். அகுஸ்த் மக்கே. சரித்திரத்தைத் தோண்டி, கதைக்கு எலும்புக்கூடு கட்டித் தருவது அவர். பெயர் மட்டும் வராது. ‘டூமா என்று போட்டால் வரிக்கு 3 பிராங்க், கூடவே மக்கே என்றும் போட்டால் பாதி விலைதான்’ என்று ஜிரார்தன் கறாராகச் சொன்னதாகச் சொல்வார்கள். பின்னாளில் மக்கே கோர்ட்டுக்குப் போனார். பணம் தீர்ப்பானது. அட்டையில் பெயர் கிடைக்கவில்லை.

கதை சும்மா இருக்கவில்லை என்பதற்கு ஒரு சட்டமே சாட்சி. 1850-ல் சூ பாராளுமன்றத் தேர்தலில் பாரிஸில் நின்று ஜெயித்தார். ஆட்சியிலிருந்தவர்களுக்குப் பகீரென்றது. அதே வருடம் ஜூலையில், தொடர்கதை போடும் ஒவ்வொரு பத்திரிகைப் பிரதிக்கும் ஒரு சாந்தீம் கூடுதல் வரி. செய்திக்கு அல்ல, கதைக்கு வரி! அடுத்த வருடம் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்ததும் சூ நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 1857-ல் அந்நிய மண்ணிலேயே செத்துப் போனார்.

ஆனால் அதற்கு வெகு முன்பே கதை கடல் தாண்டிவிட்டது.

ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கிலேயர், இளம் வயதில் பாரிஸில் பத்திரிகை, புத்தகக்கடை என்று கையைச் சுட்டுக்கொண்டு லண்டன் திரும்பியவர். சூவின் வெற்றியைப் பார்த்தார். 1844 அக்டோபரில் ‘லண்டன் மர்மங்கள்’ ஆரம்பம். வாரம் ஒரு பென்னி. பாரிஸ் சந்துகள் லண்டன் சந்துகள் ஆயின. இந்த ரெயினால்ட்ஸ் அப்படியே கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தார். ஆங்கிலம் படித்த நம்மாட்கள் அவருக்குக் கொடுத்த வரவேற்பு கொஞ்சநஞ்சமல்ல. தனித்தமிழுக்காகவே வாழ்ந்த மறைமலையடிகள்கூட ரெயினால்ட்ஸின் ஒரு நாவலைத் தழுவித்தான் 1911-ல் ‘குமுதவல்லி’யை எழுதினார்.

இப்போது அந்த இன்னொரு ஆரணி. ஆரணி குப்புசாமி முதலியார். 1915-ல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ மாத இதழோடு சேர்த்தே நினைக்கப்படுபவர். நாவல்களாக எழுதிக் குவித்து 1925-ல் காலமானார். ரெயினால்ட்ஸின் லண்டன் மர்மங்கள்தான் அவர் கையில் பாகம் பாகமாக ‘இரத்தினபுரி இரகசியம்’ ஆயின. லண்டன் இரத்தினபுரி ஆயிற்று. துரைகளும் துரைசானிகளும் ஜமீன்தார்களாகவும் முதலியார் வீட்டுப் பெண்களாகவும் ஆனார்கள். ‘மஞ்சள் அறையின் மர்மம்’ என்றும் ஒன்று எழுதினார். 1907-ல் பாரிஸ் பத்திரிகையொன்றில் தொடராக வந்த காஸ்தோன் லெரூவின் நாவலுக்கும் அதே தலைப்புத்தான். பூட்டிய அறைக்குள் தாக்குதல், தாக்கியவன் மாயம்! துப்பறியும் கதை எழுதுகிற எல்லோருக்கும் அது பாலபாடம்.

கணக்குப் பார்ப்போம். பாரிஸ் சூ, லண்டன் ரெயினால்ட்ஸ், ஆரணி முதலியார். சரக்கு இரண்டு கை மாறி வந்திருக்கிறது. ஆனால் படித்த தமிழனுக்குச் சூவின் பெயர் கடைசிவரை தெரியாது. ராயல்டியாக பாரிஸுக்கு ஒரு சல்லிக்காசு போயிருக்காது. புதுமைப்பித்தன் 1930-களில் இந்தத் தழுவல் சமாச்சாரத்தின்மீது பாய்ந்ததற்குக் காரணம் உண்டு. மொழிபெயர்ப்பென்றால் மூலத்தையும் பெயரையும் சொல்லிச் செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. சரியான கட்சி. ஆனாலும் எனக்கு முதலியார்மேல் கோபம் வர மறுக்கிறது. வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களை, அரைகுறையாக எழுத்துக் கூட்டியவர்களை, நானூறு பக்கம் விடாமல் படிக்கவைத்த கூட்டம் அது. வடுவூர் துரைசாமி அய்யங்காரையும் ஜே.ஆர். ரங்கராஜுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கூட்டம் தயாராக இருந்ததால்தானே பின்னால் வாரப் பத்திரிகைகள் லட்சத்தில் விற்றன?

பிரெஞ்சுக்காரர்கள் நம் சினிமா வழியாகவும் நுழைந்தார்கள். டூமாவின் இரும்பு முகமூடிக் கதை 1940-லும் 1958-லும் ‘உத்தமபுத்திரன்’ ஆயிற்று. ‘மாண்டி கிறிஸ்டோ’வின் சாயல் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் தெரியும். விக்டர் ஹியூகோவுக்கு மட்டும் மரியாதையான வழி அமைந்தது. புதுச்சேரி ஆசிரமத்தில் வாழ்ந்த, பிரெஞ்சு தெரிந்த சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்தார். ஆசிரியர் பெயரோடு. 1950-ல் அது படமானது. விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமன், அதற்கப்புறம் ஆயுசு முழுக்க ‘ஜாவர்’ சீதாராமன்தான். அவர் பிற்பாடு என்ன செய்தார்? குமுதத்தில் ‘உடல் பொருள் ஆனந்தி’ என்று தொடர்கதை எழுதினார். பாரிஸ் போலீஸ்காரனின் பெயரைப் போட்டுக்கொண்டு தமிழில் ‘தொடரும்’ போட்ட மனிதர்!

நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து, உரிய பெயரோடு, நவீன இலக்கியம் தமிழுக்கு வர 1980 ஆயிற்று. ஆல்பெர் கமுவின் ‘அந்நியன்’. மொழிபெயர்த்தவர் வெ. ஸ்ரீராம், வெளியிட்டது க்ரியா. அடுத்த வருடம் ‘குட்டி இளவரசன்’. அதில் சாகசம் இல்லை, மர்மம் இல்லை, ‘தொடரும்’ இல்லை. வாசகர்களும் கொஞ்சப்பேர்தான். கல்லூரியில் படிக்கும்போது, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒரு சீனியர் கையில் ‘அந்நியன்’ பார்த்து இரவல் வாங்கினேன். கவரைப்பேட்டையில் இறங்குகிற வரைக்கும், எப்போது கதை சூடு பிடிக்கும் என்று காத்திருந்தேன். ஆயாவின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டாம் முறை படித்தபோதுதான் புத்தகம் பிடிபட்டது.

ஆயா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. பைண்டு புத்தகத்தைக் கரையான் தின்றது. அந்தக் கதையை எழுதியவர் யார், எந்தப் பத்திரிகை, எந்த வருடம், இதுவரை எனக்குத் தெரியாது. பழைய புத்தகக்கடைகளில் கண்ணை ஓட்டிக்கொண்டேதான் இருக்கிறேன்.

முடிவு கிடைக்காத கதையை எப்படி ஆயா அவ்வளவு தடவை கேட்டாள் என்று ஒருமுறை கேட்டேன். ‘அந்தப் பொண்ணு ஜன்னல் கம்பிய பேத்துக்கினு வந்துட்டா நைனா. நேரா பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போயிட்டா. அப்பறம் அந்த ஜமீன்தாரு தேடிக்கினு வந்தாரு’ என்று ஆரம்பித்தாள். அன்றைக்கு அரை மணி நேரம் சொன்னாள். சாப்பாட்டு நேரம் வந்ததும், ‘மீதி நாளைக்கி’ என்று எழுந்து போய்விட்டாள்.