சைக்கிள் மணியும் அரிச்சுவடியும்: அறிவொளி இயக்கம் நடந்த பாதை

1992 மார்ச் 8, உலக மகளிர் நாள். ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியை விடாமல் அடித்தபடி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். அந்த மாவட்டத்தில் அப்போது சைக்கிள் பழகிய பெண்களில் விவசாயக் கூலிகள் இருந்தார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், கிராம செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகளும் இருந்தார்கள். பலர் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தவர்கள். வயது வந்தோர் கல்வியின் இந்திய வரலாற்றில் அந்த ஊர்வலத்துக்குத் தனி இடம் உண்டு. அது எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் எழுத்தறிவு தருவது இலக்கு. ஊருக்கு ஒரு மையம், மையத்துக்கு ஏறத்தாழ 30 பேர், மாதம் 50 ரூபாய் மதிப்பூதியத்தில் ஒரு பயிற்றுநர் என்ற ஏற்பாடு. காகிதத்தில் குறை காண முடியாத திட்டம்தான். ஆனால், வயலில் நாற்று நட்டுவிட்டு வந்து, அடுப்பை மூட்டிச் சோறாக்கிப் போட்ட பிறகு ஒரு பெண் மையத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வகுப்பு அவளைத் தேடி வரவில்லை.

அதை மாற்றியது 1988-இல் பிறந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் கேரளத்தின் முன்மாதிரியும். 1989 ஜூனில் கோட்டயம் முழு எழுத்தறிவு பெற்ற நகரமானது. அதே ஆண்டு ஜனவரியில் பணியைத் தொடங்கிய எர்ணாகுளம் மாவட்டம், 1990 பிப்ரவரி 4-இல் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கைகோத்து நின்றன. சம்பளம் வாங்கும் பயிற்றுநரின் இடத்துக்குத் தொண்டர் வந்தார். ஒரு தொண்டருக்குப் பத்துக் கற்போர் என்பது கணக்கு. அந்தப் பத்துப் பேரும் அவருடைய தெருக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்பதால் திண்ணையே வகுப்பறையானது. கற்கிறவர்களுக்கு எந்த நேரம் வசதியோ அதுவே பாட நேரம்.

தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் அது ‘அறிவொளி இயக்கம்’ என்ற பெயரில் வந்தது. அதற்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோள் கொடுத்தது. கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் வீதி நாடகமுமாகச் சனங்களைக் கூட்டின. கல்லூரி மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டோடு இருந்த பெண்கள் என்று பலரும் தொண்டர்களானார்கள். பாடமும் அ, ஆ வரிசையில் தொடங்கவில்லை. பட்டா, கூலி போன்ற அன்றாடச் சொற்களை முன்வைத்து, அவற்றிலிருந்து எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் முறை அது. மூன்று புத்தகங்கள், ஏறத்தாழ 200 மணி நேரம். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியோடு சேர்ந்து வரும் எழுத்து சீக்கிரம் மறந்துபோவதில்லை.

புதுக்கோட்டையில் 1991-இல் பணி தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தொண்டர்களும் கற்போரும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது தூரம். பஸ் எப்போதாவது வரும், வராமலும் போகும். கற்பிக்கப் போகும் பெண்ணுக்கு ஒரு சைக்கிள் இருந்தால் இன்னும் நாலு ஊருக்குப் போகலாம். அப்படித்தான் சைக்கிள் பழகுவதும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியானது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க ஆட்சியர் வழி செய்தார். மகளிர் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. இதை நேரில் கண்டு எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், கிராமப்புறப் பெண்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பதிவு செய்கிறார். பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அது மாவட்டக் கிராமப் பெண்களில் கால்பங்குக்கும் மேல்.

அதனால் என்ன மாறியது? தண்ணீர் எடுக்க, விளைந்ததை விற்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கணவனோ அண்ணனோ வந்து கூட்டிப் போகட்டும் என்று காத்திருக்கும் நிலை குறைந்தது. குவாரி வேலை செய்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். சைக்கிளில் போகும் பெண்களைப் பார்த்துக் கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அந்தக் கேலியைத் தாண்டி ஓட்டியதில்தான் அவர்களின் துணிவு தெரிகிறது. எழுத்தறிவு மட்டும் கிடைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. சைக்கிள் மட்டும் கிடைத்திருந்தாலும் நடந்திருக்காது.

திருநெல்வேலிப் பக்கம் அறிவொளியில் உழைத்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தன் அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலாக எழுதியிருக்கிறார். அரசு அறிக்கைகள் தராத மனிதர்களை அது காட்டுகிறது. இந்த வரலாற்றை எழுத முனைகிற எவரும் புள்ளிவிவரங்களுக்கு முன் அதைப் படிக்க வேண்டும்.

அடுத்த கட்டம்தான் வலிக்கிறது. முழு எழுத்தறிவு என்ற அறிவிப்போடு விழா முடிந்தது. தொண்டர்கள் வேலைக்கும் திருமணத்துக்கும் கலைந்து போனார்கள். வளர்கல்வி மையங்கள் வந்தாலும் பழைய வேகம் திரும்பவில்லை. படிக்க எதுவும் கையில் இல்லாத ஊர்களில், புதிதாகக் கற்றவர்கள் கற்றதை மறந்தார்கள். தொண்டர் இல்லாத இடத்தில் கட்டடமும் பலகையும் அவருக்கு ஈடாகவில்லை.

தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 1991 கணக்கெடுப்பில் 51.33 சதவீதம், 2001-இல் 64.43 சதவீதம்; 2011-இல் 73.44 சதவீதம். இந்த ஏற்றம் முழுவதையும் அறிவொளியின் கணக்கில் எழுத முடியாது. பள்ளிக்குப் போன அடுத்த தலைமுறையின் பங்கு பெரிது. ஆனால், கையெழுத்துப் போடக் கற்ற தாய் தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தத் தயங்கியிருப்பாள் என்று நம்ப நியாயம் உண்டு.

2022-இல் தொடங்கிய புதிய எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் இதில் கற்கலாம். 2011-இன் கணக்கில் படிக்கத் தெரியாதவர்களாக எஞ்சிய அந்தக் கால்பங்குப் பெண்களில் பலர் இன்று பாட்டிகள். பேத்தியின் பள்ளிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள்.