உதயதாரகையின் ஆசிரியர்கள் யார்?

ஈழத்தின் தொடக்ககாலத் தமிழ்ப் பத்திரிகைகள் பற்றிக் கட்டுரை ஒன்று எழுத நேர்ந்தது. மகனின் வற்புறுத்தலால், செயற்கை நுண்ணறிவில் இயங்கும் தேடல் உதவியாளரிடம் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் யார்?

கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்தது. ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்னும் இரு வெள்ளைக்காரப் பாதிரிமாராம். மாட்டின் புதிய ஏற்பாட்டைப் பாரசீகத்தில் பெயர்த்த ஆங்கிலேயர் என்று கேளாத தகவலையும் அது சேர்த்துத் தந்தது.

பெயர்கள் சரி, ஆட்கள் பிழை. பாரசீகத்தில் பெயர்த்த மாட்டின் 1812 இல் துருக்கியில் இறந்துபோனவர். உதயதாரகையின் முதலாவது இதழ் 1841 ஜனவரி 7 இல் வெளிவந்தது. செத்து இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் ஒருவர் பத்திரிகை நடத்துவதாயின், எங்கள் தொழிலில் அவரைவிடப் பாக்கியசாலி வேறு யார்?

உதயதாரகையின் மாட்டினும் பேசனும் தமிழர்கள். 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்றவர்கள். 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் ஊர்ப்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பித்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற உபகாரி விரும்பிய பெயரை அப்பிள்ளை சுமப்பது அங்கு வழக்கமாயிருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்போருக்குப் பின்பாதியிலாவது ஊர்ப்பெயர் எஞ்சியது. பத்திரிகை ஏட்டில் மாட்டினுக்கும் பேசனுக்கும் அந்தப் பாதியும் எஞ்சவில்லை. மாதம் இருமுறை தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் ஏட்டை நடத்திய நம்மவர் இருவர், பெயரினால் மட்டும் அந்நியராகிப் போயினர்.

ஆயினும் இயந்திரத்தை மட்டும் நோவதில் நியாயமில்லை. தொண்ணூறுகளில் ஒரு சிறப்பு மலரில் நானும் அவ்விருவரையும் 'அமெரிக்கப் பாதிரிமார்' என்றே எழுதியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை அனுப்பித் திருத்தினார். அந்தத் திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட்டோமா என்றால், இல்லை. பிழை அச்சில் நின்றது. திருத்தம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. என்னைப் போன்றோர் எழுதி வைத்ததைத்தானே இயந்திரமும் படித்திருக்கும்!

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எஞ்சியவற்றை 2005 முதல் நூலகம் நிறுவனத்தின் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் ஏற்றிவருகின்றனர். அந்தப் பக்கங்களில் சிலவற்றுக்கு அதே உதவியாளர் என்னைச் சில நிமிடங்களில் அழைத்துச் சென்றதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பு அதற்கு ஒரு பகற்பொழுதாவது சென்றிருக்கும்.

இறுதியாக, அவ்விருவருக்கும் பெற்றோர் இட்ட தமிழ்ப் பெயர்கள் எவை என்று கேட்டேன். உடனே இரண்டு பெயர்களைத் தந்தது. ஆதாரம் எங்கே என்றேன். மன்னிப்புக் கோரிவிட்டு, வேறு இரண்டு பெயர்களைத் தந்தது. அந்த நான்கையும் என் கட்டுரையில் சேர்க்கவில்லை. அஞ்சலட்டையின் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன்.