ஜாகுவாரும் பண்டைய அமெரிக்க நாகரிகங்களும்

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பூனையினத்து விலங்குகளுள் மிகப் பெரியது ஜாகுவார். உலகில் புலிக்கும் சிங்கத்துக்கும் அடுத்த நிலை இதற்குரியது. தோற்றத்திற் சிறுத்தையை ஒத்ததாயினும், அதனினும் பருத்த உடலும், குறுகிய கால்களும், அகன்ற தலையும் உடையது. மேனியிலுள்ள வளையங்களின் நடுவே சிறு கரும்புள்ளிகள் அமைந்திருத்தல் இதன் சிறப்படையாளம்; சிறுத்தையின் வளையங்களுள் அவை பொதுவாகக் காணப்படா. இரையின் மண்டையோட்டையே கோரைப்பற்களால் துளைத்துக் கொல்லவல்லது, ஆமையோட்டையும் உடைக்கும். இருளில் வேட்டையாடும், ஆறுகளை எளிதில் நீந்திக் கடக்கும். இத்தகைய ஆற்றலே பண்டை மக்கள் உள்ளத்தில் அச்சத்தையும் பத்தியையும் ஒருங்கே தோற்றுவித்தது எனலாம்.

மெக்சிக்கோ வளைகுடாக் கரையில் ஏறத்தாழ கி. மு. 1200 முதல் கி. மு. 400 வரை சிறப்புற்றிருந்த ஒல்மெக் மக்களின் சிற்பங்களில், மனித உடலும் கீழ்நோக்கி வளைந்த வாயும் கொண்ட உருவங்கள் பல உள. இவை மனிதரும் ஜாகுவாரும் கலந்து பிறந்த குலத்தைக் குறிப்பன என மத்தியூ ஸ்டேர்லிங் 1955 இல் கருத்துரைத்தார். பின்வந்த ஆய்வாளர் சிலர் அவற்றில் முதலை, தேரை ஆகியவற்றின் கூறுகளையே கண்டனர். விளக்கும் எழுத்துச் சான்று இல்லாவிடத்து, கல்லின் வடிவை மட்டுங் கொண்டு ஒரு சமயக் கொள்கையைத் துணிதல் எத்துணை அரிது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

மாயரிடம் எழுத்து வளர்ந்திருந்தமையால் அவர்தம் நிலை தெளிவாகிறது. ஜாகுவாரைக் குறிக்கும் 'பலாம்' என்னுஞ் சொல்லை யஷ்சிலான் நகரத்து அரசர் தம் பெயரிற் கொண்டனர். கொப்பான் நகரில் கி. பி. 776 இல் நிறுவப்பெற்ற பீடத்தில் 16 அரசர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அதன் அருகே ஒரு குழியில் ஜாகுவார் முதலிய பெரும்பூனைகள் 15 இன் எலும்புகள் கிடைத்தன. 16 ஆம் அரசன் தன் முன்னோர் ஒவ்வொருவர்க்கும் ஒன்றாகப் பலியிட்டான் என்பது அறிஞர் துணிபு.

அஸ்தெக் மக்கள் தெஸ்கத்லிபோக்கா என்னும் தெய்வத்தோடு இவ்விலங்கைத் தொடர்புபடுத்தினர்; முதலாம் உலகயுகத்து மாந்தரை ஜாகுவார்களே தின்றழித்தன என்றும் நம்பினர். பகைவரைச் சிறைப்பிடித்த வீரர் அதன் கோலம் பூண்டு போர் செய்தனர். 1521 இல் அவர்தம் பேரரசு ஸ்பானியரிடம் வீழ்ந்தது.

தெய்வமாகப் போற்றப்பட்ட காலத்தும் இவ்விலங்கு பலிபீடத்துக்குத் தப்பவில்லை. 20 ஆம் நூற்றாண்டிலோ தோல் வாணிகத்துக்குப் பெருந்தொகையாக இரையாயிற்று. 1975 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அவ்வாணிகத்தைத் தடுத்தது. எனினும், எல் சல்வடோர், உருகுவே ஆகிய நாடுகளில் இவ்வினம் அற்றொழிந்தது. போற்றுதல் வேறு, காத்தல் வேறு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.