பாலத்திற்கு யார் பெயர்?



பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில், எருத்தேன்பதி என்னும் ஊர் உள்ளது. பழைய கொச்சி இராச்சியத்தைச் சார்ந்திருந்த அவ்வட்டம், 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் அடங்கிற்று. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் வீட்டு மொழி மாறுவதில்லை. ஆகவே இன்றும் அப்பகுதியில் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அத்தகைய ஊரில் ஓர் ஓடைக்குப் பாலம் எழுந்தால் அதற்கு யார் பெயரை இடுவது? ஊருக்கு உழைத்தவர் பெயரை இடவேண்டும் என்று எவரும் எளிதில் சொல்லிவிடுவர். ஆனால் உழைத்தவர் யார், அப்பெயர் நிலைப்பது எவ்வாறு என்னும் இரு கேள்விகள் அதன்பின் எழுகின்றன. இவற்றிற்கு விடை காணப் பழைய பாலங்கள் சிலவற்றின் வரலாறு நமக்குத் துணை செய்யும்.

முதலில் திருநெல்வேலிக்குச் செல்வோம். தாமிரபரணியின் ஒரு கரையில் நெல்லையும், மறுகரையில் பாளையங்கோட்டையும் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இவ்விரண்டிற்கும் இடையே பாலம் இல்லை. வெள்ளக் காலத்தில் மக்கள் ஓடத்தையே நம்பியிருந்தனர். அந்நாளில் மாவட்ட ஆட்சியராயிருந்தவர் தாம்சன். அவர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணிபுரிந்தவர் சுலோசன முதலியார். பாலம் கட்டுவதற்குரிய பணத்தை ஊராரிடம் திரட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, முழுச் செலவையும் தாமே ஏற்பதாக முதலியார் முன்வந்தார் என்றும், அவர் மனைவியார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்றும் நெல்லை மக்கள் சொல்வர். செலவு ஏறத்தாழ அரை இலட்ச ரூபாய். அக்காலத்திற்கு அது பெருஞ்செல்வம். கேப்டன் ஃபேபர் என்பார் வரைபடம் வகுக்க, பதினொரு வளைவுகளோடு 1843-இல் பாலம் நிறைவெய்திற்று. பிற்காலத்தில் அது அகலப்படுத்தப்பட்டதாயினும் பெயர் மாறவில்லை. வழிப்போக்கரும் வண்டிக்காரரும் அதனைச் சுலோசன முதலியார் பாலம் என்றே வழங்கி வருகின்றனர். நகை கொடுத்த அம்மையாரோ ஊர்க்கதையில் மட்டுமே வாழ்கின்றார்.

அடுத்துச் சென்னைக்கு வருவோம். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் ஒரு பாலம் எழுந்தது. அதனைத் தம் சொந்தப் பொருளால் கட்டுவித்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கு வந்து, அந்நகரையே தம் ஊராக ஏற்றுக்கொண்டவர் அவர். பாலத்தைக் கட்டியதோடு அமையாமல், அதனைப் பழுது பார்ப்பதற்கென்று ஒரு நிதியையும் ஒதுக்கிவைத்தார். தம் செயலைக் கல்லிலும் பொறித்துவைத்தார். அக்கல்வெட்டின் மொழிகள் பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று. அப்பாலத்தை நாள்தோறும் கடந்த மக்களுள் மிகப் பலருடைய மொழி அம்மூன்றிலும் இல்லை. பாலமும் மாம்பலத்தின் பெயர் மருவி ‘மார்மலாங் பாலம்’ என வழங்கிற்று. 1966-இல் பழைய பாலத்தின் இடத்தில் புதிய பாலம் வந்தது. அதற்குத் தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயர் சூட்டப்பட்டது. தகுதியுடைய பெயரே அது. ஆயினும் இருநூற்று நாற்பது ஆண்டுகள் மக்களைக் கரை சேர்த்த ஒருவரை, வரலாறு கற்றவர் சிலரே இன்று அறிவர்.

மூன்றாவதாக, கடல் கடந்து இலண்டன் நகரைக் காண்போம். தேம்ஸ் ஆற்றின் மீது இன்று நிற்கும் வாட்டர்லூ பாலம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டப்பட்டது. ஆடவர் போர்முனைக்குச் சென்றமையால், பாலப் பணியில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டனர். 1945-இல் நடந்த திறப்பு விழாவிலோ ஆடவர்க்கு மட்டுமே நன்றி கூறப்பட்டது. ஆனால் ஆற்றில் படகு செலுத்துவோர் அதனை ‘மகளிர் பாலம்’ என்று அழைத்து வந்தனர். மேடையில் விடுபட்ட நன்றியை மக்கள் நாக்கு இவ்வாறு செலுத்திற்று.

இம்மூன்று பாலங்களும் நமக்குச் சொல்வது யாது? பொருள் கொடுத்தவர் மட்டுமன்றி, உடல் உழைப்பைக் கொடுத்தவரும் பாலத்தை ஆக்கியவரே ஆவர். ஆகவே பெயர் ஒருவருடையதாக இருப்பினும், அதனருகே நடும் கல்லில் துணை நின்றோர் அனைவர்க்கும் இடம் இருத்தல் வேண்டும். நிலம் விட்டவர், கல் சுமந்தவர், வெள்ளத்தில் பிறரைக் கரை சேர்த்தவர், நகை கழற்றிய இல்லத்தரசி ஆகிய யாவரும் அக்கல்லில் இடம்பெறத் தக்கவர். மேலும், அக்கல் அவ்வழியே நடப்போர் படிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு உஸ்கானின் கல் ஓயாது உணர்த்தும் பாடம் இதுவே. படிக்கப்படாத எழுத்து, எழுதப்படாத எழுத்துக்கு ஒப்பாகும். எருத்தேன்பதி போன்ற எல்லையூரில் அமையும் பெயர்க்கல், மலையாளத்திலும் தமிழிலும் ஒருங்கே பேசுமாயின், இரு மொழியாரும் அப்பெயரைத் தம்முடையதாகக் கொள்வர்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் இன்னுமொரு செய்தியும் உண்டு. உஸ்கான் சென்னைக்கு அயலார். சுலோசன முதலியாரின் முன்னோரும் தொண்டை நாட்டிலிருந்து நெல்லைக்குச் சென்றவர் என்பர். இருவரும் தாம் பிறந்த குடியின் ஊர் எது என்று கணக்குப் பாராமல், தாம் வாழும் ஊரின் ஆற்றைக் கண்டு இரங்கினர். நாமும் தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ‘இது நம் ஊரன்று’ என்று ஒதுங்கி நிற்பது எளிது. குடியேறிய இடத்தில் நம் பெயர் நிற்பதும் நில்லாததும் நம் கையில் இல்லை. ஆனால் அங்குள்ள ஓர் ஆற்றை மக்கள் அச்சமின்றிக் கடக்க ஒரு கல்லேனும் எடுத்துக் கொடுப்பது நம் கையில் இருக்கின்றது.