ஊதியமற்ற பயிற்சியும் இளம் வழக்கறிஞரின் மனநலமும்: நெய்வேலி வட்டாரத்தை முன்வைத்து

புதிதாகப் பதிவு செய்துகொண்ட வழக்கறிஞர்களின் மனநலம் பற்றிய பேச்சு எங்கு தொடங்கினாலும், மன உறுதி, பொறுமை, தியானம், நேர மேலாண்மை என்று அந்தத் தனிமனிதரிடமே வந்து முடிந்துவிடுகிறது. துன்பம் ஒருவரின் உள்ளத்தில் உணரப்படுவதாலேயே அதன் காரணமும் அங்கேதான் இருக்க வேண்டும் என்ற ஊகம் இப்பேச்சின் அடியில் கிடக்கிறது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நகரியத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் சட்டம் பயின்று, நெய்வேலி, விருத்தாசலம், பண்ருட்டி, கடலூர் நீதிமன்றங்களில் ஜூனியராகத் தொழில் தொடங்குவோரின் நிலையை ஆராய்ந்தால் அந்த ஊகம் நிற்பதில்லை. இவர்களின் மனத்துயர் பெருமளவு, தொழில் நுழைவின் சட்ட அமைப்பிலிருந்தே விளைகிறது என்பதும், ஆகவே பரிகாரத்தின் பெரும்பங்கும் அந்த அமைப்பிலேயே தேடப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1961ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. ஒன்று வழக்கறிஞர்கள் சட்டம். மற்றொன்று தொழில் பழகுநர் சட்டம். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனத்தில் பொருத்துநராகவோ மின்பணியாளராகவோ பழகுநர் பயிற்சிக்குச் சேரும் ஓர் இளைஞர்க்கு, இரண்டாவது சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் உண்டு. குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. வேலை நேரமும் விடுப்பும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சி சுரங்கத்தில் நடந்தால் சுரங்கத் தொழிலாளர்க்கான உடல்நல, பாதுகாப்பு விதிகள் அவருக்கும் பொருந்தும். காயம் பட்டால் இழப்பீடு உண்டு. 2019ஆம் ஆண்டின் திருத்த விதிகள், கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை நிர்ணயித்தன. அதே நகரியத்தில், அடுத்த வீட்டிலிருந்து ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, கறுப்பு அங்கியோடு சீனியர் ஒருவரின் அலுவலகத்திற்குச் செல்பவர்க்கு வழக்கறிஞர்கள் சட்டம் இவற்றில் ஒன்றையும் தரவில்லை. தொழிலைக் கற்றுக்கொண்டே உழைக்கும் இருவரில் ஒருவரின் நிலையைச் சட்டம் வரையறுத்தது. மற்றவரின் நிலையை மரபின் பொறுப்பில் விட்டுவிட்டது.

இந்த மௌனம் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. வழக்கறிஞர்கள் சட்டத்தின் முதல் வடிவத்தில், பதிவுக்கு முன் பயிற்சியும் தேர்வும் நிபந்தனைகளாக இருந்தன. 1973ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றை நீக்கியது. அகில இந்திய பார் கவுன்சில் 1995இல் விதிகள் வழியாகப் பயிற்சியை மீட்க முயன்றபோது, அதற்கான அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை என்று சுதீர் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவையாக்கியது. 2011 முதல் நடைபெறும் அகில இந்திய பார் தேர்வு அறிவைச் சோதிக்கிறதேயன்றிப் பயிற்சி அளிப்பதில்லை. ஆகவே வாய்தா கேட்பது முதல் குறுக்கு விசாரணை வரை தொழிலின் நடைமுறை அனைத்தும் சீனியரிடம் கற்க வேண்டியவையாகவே இருக்கின்றன. அந்தக் கற்றலின் நிபந்தனைகளோ எங்கும் எழுதப்படவில்லை. இதற்கிடையில் வேறு வாயில்களும் அடைபட்டுள்ளன. பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 36ஆம் விதி விளம்பரத்தாலும் வழக்கு தேடுவதாலும் கட்சிக்காரரைப் பெறுவதைத் தடுக்கிறது. 47ஆம் விதி நேரடியாக வணிகம் நடத்துவதையும், 49ஆம் விதி முழுநேரச் சம்பள வேலையையும் தடுக்கின்றன. தொழிலின் மாண்பைக் காப்பதே இவற்றின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், கட்சிக்காரரைத் தேடவும் கூடாது, வேறு வேலை பார்க்கவும் கூடாது, சீனியர் தருவதைத் தவிர வருவாய்க்கு வழியும் இல்லை என்ற முக்கோணத்திற்குள் இருபத்து நான்கு வயதில் ஒருவரை நிறுத்தும் விதிகள், அவர் அங்கே எவ்வாறு உயிர் வாழ்வார் என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவை.

நகரியத்தின் வாழ்க்கை முறை இந்நிலைமையின் கூர்மையை மிகுவிக்கிறது. வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட குடியிருப்புகளில், ஷிப்டு நேரத்தால் நாளும், சம்பள நாளால் மாதமும், ஓய்வு வயதால் வாழ்நாளும் அளக்கப்படும் குடும்பங்களில் வளர்ந்த ஒருவர்க்கு, உழைப்பிற்கும் வருவாய்க்கும் தொடர்பே தெரியாத மாதங்கள் புரியாதவையாகத் தோன்றும். பெற்றோர்க்கு அவை இன்னும் புரியாதவை. தந்தை ஓய்வு பெற்றதும் நிறுவன வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் குடும்பத்தில், மூன்றாண்டுகளாக நீதிமன்றம் போய்வரும் மகனோ மகளோ வீட்டுச் செலவுக்கு எதுவும் தர இயலாமல் இருப்பது, யாரும் குறை சொல்லாதபோதும் குற்ற உணர்வாகத் தங்கிவிடுகிறது. நிலத்தை இழந்து வெளியேறிய கிராமங்களிலிருந்தும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் வரும் முதல் தலைமுறை வழக்கறிஞர்க்குக் குற்ற உணர்வோடு கடனும் சேர்கிறது. பேருந்துக் கட்டணம், வெள்ளைச் சட்டை, சட்ட நூல்கள், மதிய உணவு ஆகியவை சிறு தொகைகளாயினும், வருவாயே இல்லாதவர்க்கு ஒவ்வொரு நாளும் யாரிடமாவது கேட்டுப் பெற வேண்டியவை.

இத்தகைய நீடித்த நிச்சயமின்மை மனத்தில் எவ்வடிவங்களை எடுக்கும் என்பதை மருத்துவம் பிரித்துக் காட்டுகிறது. வாரக்கணக்கில் விலகாத ஆர்வமின்மை, உறக்கக் குலைவு, தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் ஆகியவை கூடிய நிலை மனச்சோர்வு நோய். வரப்போகும் கேடு பற்றிய அச்சம் நெஞ்சுப் படபடப்பாகவும் நடுக்கமாகவும் உடலில் நிலைகொள்வது பதற்றக் கோளாறு. ஓயாத பணி அழுத்தத்தால் ஆற்றல் வற்றித் தொழிலின் மேலேயே கசப்பு தோன்றுவது பணிச்சோர்வு. இவற்றுள் கடைசியானதை உலக நலவாழ்வு நிறுவனம் நோயாக அன்றி, பணி சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியிருப்பது, காரணம் ஆளிடம் மட்டும் இல்லை என்பதற்கான மருத்துவ ஒப்புதலாகும். அமெரிக்காவில் ஏறத்தாழ 13,000 வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும் 19 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளையும் கண்டதோடு, சிக்கலான மதுப்பழக்கம் தொழிலின் முதல் பத்தாண்டுகளில் இருப்போரிடமே மிகுந்திருப்பதையும் காட்டியது. பன்னாட்டு வழக்கறிஞர் கழகம் 2021இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்விலும் இளையோரும் பெண்களும் தாழ்ந்த மனநல அளவையே பெற்றனர். வருவாய் மிகுந்த நாடுகளிலும் இதுவே நிலை என்பதால், ஊதியமின்மை மட்டுமே முழுக் காரணம் என்று வாதிட இயலாது. அது பிற காரணங்களைத் தாங்கமுடியாதவையாக்கும் காரணம் என்பதே சரி.

முதல் வழக்கின் அச்சம் அத்தகைய பிற காரணங்களுள் ஒன்று. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய காந்தி, பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க இயலாமல் அமர்ந்ததையும், தமக்குத் தரப்பட்ட 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தந்ததையும் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பின்னாளில் உலகமே செவிமடுத்த ஒருவர்க்கு நேர்ந்த இந்நிலையை வைத்து அவரது தகுதியை யாரும் அளப்பதில்லை. இன்றைய ஜூனியர் ஒருவர் நீதிபதியின் ஒரு கடுஞ்சொல்லுக்குப் பின் பேச்சற்று நின்றால் மட்டும், இத்தொழிலுக்கு லாயக்கில்லாதவர் என்ற முடிவு அன்று மாலைக்குள் சங்க அறை முழுவதும் பரவிவிடுகிறது. சிறு நீதிமன்ற ஊர்களில் அந்த முடிவிலிருந்து ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

வழக்குகளின் உள்ளடக்கம் மற்றொரு காரணம். இவ்வட்டாரத்தில் அது மிகக் கனமானது. 1950களிலிருந்து சுரங்கத்திற்காக நிலம் எடுக்கப்பட்டுவரும் பகுதி இது. கூடுதல் இழப்பீடு கோரும் மனுக்கள் கடலூர் மாவட்ட நீதிமன்றங்களில் தலைமுறை தாண்டியும் நடந்திருக்கின்றன. இழப்பீட்டை நிர்ணயிக்கும் வழக்கில், நிலம் பெறும் நிறுவனமும் அறிவிப்புப் பெற உரிமையுடைய தரப்பே என்று 1995ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதிகளில் இடம்பெற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பே நெய்வேலி வழக்கில் பிறந்ததுதான். 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுப்பாதைக்காக விளைந்து நின்ற நெற்பயிரின் ஊடே இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த துயரத்தை நாடு செய்தியாகப் பார்த்தது. அத்தகைய துயரங்களை மனுவாகவும் பிரமாண வாக்குமூலமாகவும் மாற்றி எழுதும் வேலை பெரும்பாலும் ஜூனியரின் மேசைக்கே வருகிறது. கட்சிக்காரரின் கண்ணீரைக் கேட்டு, அதைச் சட்ட மொழியில் வடித்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்ட செய்தியையும் அவரிடமே சொல்ல வேண்டியவர் ஜூனியர்தான். எழுதுபவரின் குடும்பமே நிலம் இழந்ததாகவோ, மறுபுறம் நிறுவனச் சம்பளத்தில் வாழ்வதாகவோ இருக்கக்கூடிய ஊர் இது என்பதால் வழக்கிலிருந்து விலகி நிற்கும் மனத்தொலைவும் எளிதில் வாய்ப்பதில்லை. கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993இல் கொல்லப்பட்ட முதனை ராஜாக்கண்ணுவின் வழக்கு இந்த மண்ணினுடையதே; கே. சந்துரு வழக்கறிஞராக அதை நடத்திய துணிவைப் போற்றும் தமிழ்ச் சமூகம், அத்தகைய கொடுமைகளின் விவரங்களை நாள்தோறும் கையாள்வோரின் மனத்தில் அவை என்ன செய்யும் என்பதை அவ்வளவாகக் கேட்டதில்லை. பிறர் பட்ட வன்முறையைத் தொடர்ந்து கேட்பவர்க்கும் கெட்ட கனவுகளும் திடுக்கிடலும் உணர்ச்சி மரத்துப்போதலும் வருவதை உளவியலார் இரண்டாம் நிலை மன அதிர்ச்சி என்பர். போக்சோ வழக்குகளிலும் விபத்து இழப்பீட்டு வழக்குகளிலும் இதற்கு இடம் உண்டு. கட்சிக்காரரின் இரகசியம் காக்கும் கடமையால் இதை வீட்டில் இறக்கிவைக்கவும் முடியாது.

அமைப்பு முற்றிலும் அசையாமலும் இல்லை. புதிய சட்டப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டுகள் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020இல் அறிவித்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று பணித்தது. உழைப்பை ஊதியமின்றிப் பெறுவது சுரண்டலே என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. பதிவுக் கட்டணம் சட்டம் குறித்த 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றுக்கு எழும் மறுப்பையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்: முன்சீப் நீதிமன்ற ஊரில் பல சீனியர்களின் சொந்த மாத வருவாயே நிலையற்றது, அவர்கள் மேல் 15,000 ரூபாயைச் சுமத்தினால் ஜூனியரைச் சேர்ப்பதையே நிறுத்திவிடுவர் என்பது அம்மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது உதவித்தொகை தேவையில்லை என்பதற்கான சான்றன்று. அதன் ஒரு பகுதியைச் சேமநல நிதியும் அரசும் ஏற்க வேண்டும் என்பதற்கான சான்று. பழகுநர் பயிற்சியில் உதவித்தொகையின் ஒரு பங்கை நடுவண் அரசே ஏற்பதும் இக்காரணத்தால்தான்.

சிகிச்சையின் தேவையை இவ்வாதம் குறைக்கவில்லை. நோய் எங்கிருந்து வந்தாலும் நோயாளிக்கு மருத்துவம் இன்றே வேண்டும். மருத்துவரிடம் போனால் பதிவுக்கோ நீதிபதிப் பணிக்கோ ஊறு வரும் என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. இது ஆதாரமற்றது. பதிவுக்கான தகுதியிழப்புகளைக் கூறும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24அ பிரிவு குற்றத் தண்டனையையும் பதவி நீக்கத்தையும் பேசுகிறதே தவிர மனநோயைப் பேசவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதாகக் கண்டறிவதால் மட்டும் அவர் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளக் கூடாது என்கிறது. சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. அமெரிக்க மாநிலங்கள் சில, பதிவு விண்ணப்பத்திலேயே மனநோய் வரலாற்றைக் கேட்டுவந்ததும், லூசியானாவில் 2014இல் அரசின் தலையீட்டால் அந்நடைமுறை மாற்றப்பட்டதும் நோக்க, இந்தியச் சட்டம் இவ்வொரு கூற்றில் மேலானது. நகரியத்து மருத்துவமனையில் தெரிந்தவர் கண்ணில் பட நேரும் என்று தயங்குவோர்க்கு, அண்ணாமலைநகரிலுள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தொலைவில் உள்ளன; 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றிய எவரும் அடுத்த வாய்தா முடியட்டும் என்று காத்திராமல் அன்றே அழைக்க வேண்டிய எண் அது.

இவ்விவாதத்திற்கு அண்மையில் ஓர் அவசரமும் வந்து சேர்ந்திருக்கிறது. உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே 20ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மீட்டது. நீதிமன்றம் அறியாதவர் நீதிபதியாகக் கூடாது என்ற அதன் அடிப்படை மறுக்கத்தக்கதன்று. ஆனால் அந்த அனுபவத்திற்கு, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரின் சான்றும் அதன்மேல் முதன்மை நீதித்துறை அலுவலரின் மேலொப்பமும் வழிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதால், ஊதியம் தருவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவரே எதிர்காலத்தையும் தீர்மானிப்பவராகிறார். அவமதிப்பையோ பாலியல் தொல்லையையோ எதிர்த்துப் பேசுவது ஜூனியர்க்கு, அதிலும் பெண்களுக்கு, முன்னிலும் கடினமாகிறது. அச்சான்றோடு, பணியில் சேர்ந்த நாள், வழங்கப்பட்ட உதவித்தொகை, எடுத்த விடுப்பு ஆகியவை கொண்ட ஒரு பதிவேட்டையும் இணைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் விதி செய்தால், மேலொப்பமிடும் நீதித்துறை அலுவலர் அதைப் பார்க்காமல் கையெழுத்திட முடியாது. பழகுநரின் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய 1961இலேயே சட்டம் கண்ட வழி இது. விருத்தாசலத்திலோ நெய்வேலியிலோ அதைத் தொடங்க வழக்கறிஞர்கள் சட்டத்தில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை.